உட்காருவதற்காகச் செங்கல்பட்டுக்குப் போனோம்

காலையில் தாம்பரம் பக்கமாகப் போகிற மின்சார ரயிலின் சத்தம் எங்கள் கூடுவாஞ்சேரி வீட்டுச் சமையலறை வரை கேட்கும். இப்போது நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். எங்கேயும் ஓட வேண்டியதில்லை. ஆனாலும் அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் கை தானாக வேகம் பிடித்துவிடுகிறது. தோசையைப் பாதி வெந்ததுமே எடுத்துவிடுகிறேன். "வண்டி போனா போகட்டும்டி, தோசை வேகட்டும்" என்று அம்மா கத்துவாள். அந்த வண்டியில் இப்போது நான் போவதில்லை என்பது அம்மாவுக்கு நினைவிருக்கிறது, என் கைக்குத்தான் இல்லை.

அதில் தினமும் போய்வந்த காலத்தில் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. கணக்கில் முதுகலை முடித்துவிட்டு நுங்கம்பாக்கத்தில் ஒரு சின்ன அலுவலகத்தில் தரவுகளை அலசும் வேலை. வேலை அரை மூளைக்குத்தான் தீனி போட்டது. மீதி அரை மூளை காம்ப்ளெக்சிட்டி என்ற துறையில் போய் விழுந்தது. தமிழில் சிக்கல்தன்மை என்கிறார்கள். கேட்டால் ஏதோ தையல் மிஷினில் நூல் சிக்கிக்கொண்ட மாதிரி இருக்கும். விஷயம் அதைவிட அழகு. எறும்புக்கு மேஸ்திரி கிடையாது, வரிசை மட்டும் வந்துவிடுகிறது. சிக்னலில் யாரும் திட்டம் போடுவதில்லை, ஆனாலும் ஜி.எஸ்.டி. ரோட்டில் தினமும் அதே இடத்தில் வண்டிகள் நின்றுபோகின்றன. ஒவ்வொருத்தரும் தனக்குச் சரியென்று பட்டதைச் செய்ய, எல்லாம் சேர்ந்து யாருமே நினைக்காத ஒன்றாக முடிகிறது. இதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பக்கத்தில் யாரிடமாவது உடனே சொல்லியாக வேண்டும்போல இருந்தது. கூடவே தத்துவமும் படித்தேன். எது நம் கையில் இருக்கிறது, எது இல்லை, எது நியாயம், யாருக்கு நியாயம்.

படித்ததை எல்லாம் சும்மா வைத்துக்கொள்ளத் தெரியாது எனக்கு. தெரிந்த கடையிலேயே சாப்பிட்டால் இதைவிட நல்ல கடையைக் கண்டுபிடிக்க முடியாமலே போய்விடும், புதுக் கடையாகத் தேடிக்கொண்டே இருந்தால் நல்ல கடையின் பலன் கிடைக்காது. ஆகவே திங்கட்கிழமை மட்டும் புதுக் கடை என்று சட்டம் போட்டேன். வாரா வாரம் திங்கட்கிழமை வயிறு கெட்டதுதான் மிச்சம். மழை என் கையில் இல்லை, அதனால் மழையைப் பற்றிக் கவலைப்பட மாட்டேன் என்று ஒரு நாள் வாசலில் நின்று சொன்னேன். "குடை உன் கையில இருக்குல்ல, எடுத்துட்டுப் போ" என்று அம்மா அதை என் பையில் திணித்தாள்.

ரயிலில் எனக்குச் 'சயின்டிஸ்ட்' என்று பெயர் வைத்தது பேங்க் அக்கா. எங்கள் லேடீஸ் கம்பார்ட்மென்ட் செட்டுக்கு அவர்தான் தலைவி மாதிரி. உருவம் பெரிசு, குரல் அதைவிடப் பெரிசு. எழும்பூர் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் வேலை. கூட்டத்தில் ஏறும்போது அவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் போதும், நாமும் உள்ளே இருப்போம். அந்தச் செட்டில் மூன்றாவது ஆள் லேப் அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். மாம்பலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். கடல்நீரைக் குடிநீராக்குகிற ஆலை இருக்கிற நெம்மேலிக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தில் பிறந்தவள். "நீங்க மெட்ராஸ்ல குடிக்கறது எங்க கடல்தான், மறந்துடாத" என்று தண்ணீர் பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் சொல்வாள். அவள் அம்மா மீன் கூடை தூக்கியவர். "மீன் ரத்தத்துல காலு வெச்சு வளந்தவ நானு. மனுசன் ரத்தத்துக்கு இன்னா பயம்?" என்பாள். குத்தினதே தெரியாது என்று அவளைத் தேடி வருகிறவர்கள் உண்டு. அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் தாழ்ந்துபோகும், பெருமையில்.

கூடுவாஞ்சேரிக்கு வண்டி வரும்போதே நிரம்பித்தான் வரும். உட்காருவது என்பது எங்கள் அகராதியில் இல்லாத சொல். நின்றுகொண்டே சாப்பிடுவோம், நின்றுகொண்டே சண்டை போடுவோம், பேங்க் அக்கா நின்றுகொண்டே தூங்கவும் செய்வார். லேப் அக்கா மறுபடி உண்டாகிறவரை இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

மறுபடி என்று சொன்னேன். முதல் தடவை தங்கவில்லை. மூன்றாவது மாதத்திலேயே போய்விட்டது. ரயிலில் நின்றதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். வீட்டில் யாரும் நம்பவில்லை. இந்தத் தடவை அவள் வீட்டுக்காரர் ஒரே நிபந்தனை போட்டார். அவர் மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர், நல்ல மனிதர், பயந்துபோயிருந்தார். அவர் சொன்னதை அவள் அப்படியே சொல்லிக் காட்டினாள்: "உக்காந்துகினு போறதா இருந்தா போ. நின்னுகினு போறதா இருந்தா வேலைய வுட்டுடு."

வேலையை விட்டால் திரும்பக் கிடைக்காது. பிரசவ லீவுக்கு முறையாக எழுதிக் கொடுத்துப் போகிறவர்களுக்குத்தான் அந்த லேப் இடத்தை வைத்திருக்கும். நடுவில் நின்றுவிட்டால் வேறு ஆள் வந்துவிடும். ஏழாம் மாதம் வரை ஓட்டியாக வேண்டும், அதுவும் தினமும் உட்கார்ந்து.

"யாரையாச்சும் கேட்டு எழுப்பலாம்ல?" என்றேன்.

"வவுறு தெரியற வரிக்கும் எவளும் நம்ப மாட்டா. தெரிஞ்சப்பறம் வாசப்படிலருந்து உள்ளயே போவ முடியாது. அங்க உக்காந்துகினு கீறவளுக்கு நான் எப்படித் தெரிவேன்?"

பிறகு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஏய் சயின்டிஸ்ட்டு. உன் புக்குல இன்னா போட்டுக்கீது? மொதல்ல போச்சே, அது நின்னதாலதானா?"

எதற்கும் பதில் வைத்திருந்த நான், ஒரு விஷயத்துக்கு ஒரே காரணம் என்று சொல்லிவிட முடியாது என்று இழுத்தேன்.

"அத டாக்டரே சொல்ட்டாரு. நீ வேற எதுனா சொல்லு" என்று சிரித்தாள்.

வேறு எதாவது சொல்லியே தீருவது என்று எனக்கு வெறி வந்தது. அப்படித்தான் ரிவர்ஸ் திட்டம் பிறந்தது.

ரிவர்ஸ் நான் கண்டுபிடித்தது இல்லை. ஒன்றிரண்டு பேர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார்கள். காலையில் செங்கல்பட்டை நோக்கிப் போகிற வண்டி காலியாகத்தான் போகும். அதில் கூடுவாஞ்சேரியில் ஏறிச் செங்கல்பட்டு வரை போக வேண்டும். அங்கே இறங்காமல் உட்கார்ந்திருந்தால் அதே வண்டி திரும்பிச் சென்னை பீச் ஸ்டேஷனுக்குப் புறப்படும். அரை மணி, முக்கால் மணி சீக்கிரம் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். தெற்கே போய் வடக்கே வருவது. நான் இதை முழு உற்சாகத்தோடு செட்டுக்கு விளக்கினேன். நேர்வழி எப்போதும் குறுக்குவழி இல்லை என்று சொற்பொழிவே ஆற்றினேன். "உட்கார்ந்து தூங்கலாமா, அதைச் சொல்லு" என்றார் பேங்க் அக்கா. தூங்கலாம் என்றேன். மூன்று பேரும் சீசன் டிக்கெட்டைச் செங்கல்பட்டிலிருந்து மாற்றி எடுத்தோம்.

அந்த வாரங்களை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது. காலி கம்பார்ட்மென்ட். எந்த சீட் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் எதில் உட்காருவது என்று முடிவெடுக்க முடியாமல் மாறி மாறி உட்கார்ந்தோம். மேலே மின்விசிறி எங்களுக்காகவே சுற்றியது. செங்கல்பட்டை நெருங்கும்போது கொளவாய் ஏரி ஜன்னல் முழுக்க வரும். காலை வெயில் தண்ணீரில் பட்டு எங்கள் முகத்தில் ஆடும். கூடுவாஞ்சேரியில் இத்தனை வருஷம் இருந்தும் அந்த நேரத்தில் அந்த ஏரியை நான் பார்த்ததே இல்லை. எங்களுக்கு அங்கே எந்த வேலையும் இல்லை, உட்காருவதற்காக மட்டும் போனோம். லேப் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு எதிர் சீட்டில் காலை நீட்டிக்கொள்வாள். பேங்க் அக்கா இட்லி டப்பாவைத் திறப்பார். நான் பேசுவேன். நான் பேசுவதை அவர்கள் கேட்டார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பேசவிட்டார்கள்.

"மகாராணி மாதிரி கீது" என்றாள் லேப் அக்கா ஒரு நாள், காலை ஆட்டிக்கொண்டே. "எங்க ஆளு கேட்டாரு, நெசமாவே உக்காந்துதான் போறியான்னு. ஃபோட்டோ எடுத்து அனுப்புனேன்."

ஃபோட்டோவில்தான் ஆரம்பித்தது என்று பேங்க் அக்கா பிற்பாடு சொன்னார். அவரும் ஒன்று எடுத்து, தன் அபார்ட்மென்ட் பெண்கள் குழுவில் போட்டிருந்தார், கீழே 'ராஜ பயணம்' என்று எழுதி. அடுத்த வாரம் அந்த அபார்ட்மென்ட்டிலிருந்து இரண்டு பேர். அவர்களைப் பார்த்து ஊரப்பாக்கத்தில் சிலர். நாங்கள் ஏறுகிற வண்டி மெதுமெதுவாக மாறியது. முதலில் ஜன்னல் சீட் போனது. பிறகு எதிர் சீட்டில் கால் நீட்ட முடியாமல் போனது. பிறகு ஒரு நாள் கூடுவாஞ்சேரிக்கு வந்து நின்ற செங்கல்பட்டு வண்டியில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எங்கேயும் இறங்கவில்லை. செங்கல்பட்டுக்குப் போகிற வண்டி முழுக்கச் செங்கல்பட்டில் வேலை இல்லாதவர்கள்.

எனக்குக் கவலைக்குப் பதில் சந்தோஷம் பொங்கியது. படித்ததைக் கண்ணால் பார்க்கிறேன்! "அக்கா, சில பேர் செய்யற வரைக்கும்தான் இது வேலை செய்யும். எல்லாரும் செஞ்சா யாருக்கும் இல்ல. இதைப் பத்தி பெரிய பெரிய ஆளுங்க எழுதியிருக்காங்க!"

"எங்க ஊர்ல எவனும் எழுதி வெக்கல" என்றாள் லேப் அக்கா. "ஒரு போட்டுக்கு ஒரு எடத்துல மீன் பட்டுச்சுன்னு வெய்யி, மறுநாளு எல்லா போட்டும் அங்கதான் போவும். அப்பறம் பாத்தா அங்க போட்டுதான் கீது, மீனு கெடையாது."

சிரித்தோம். ஆனால் அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. இன்னும் முன்னால் போகிற வண்டியைப் பிடிக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். தத்துவத்தில் ஒரு கேள்வி உண்டு, எதையும் செய்வதற்கு முன்னால் கேட்கச் சொல்வார்கள்: எல்லாரும் இதையே செய்தால் என்ன ஆகும்? நான் அதைக் கணக்காகவே கேட்டுப் பழகியிருந்தேன். எத்தனை சீட்டு, எத்தனை பேர். அந்த எல்லாரிலும் செங்கல்பட்டிலேயே ஏறுகிறவர்களும் உண்டு என்பது, ஒரு திங்கட்கிழமை அவர்களில் ஒருத்தி உள்ளே ஏறி நின்று கத்தியபோதுதான் உறைத்தது.

"எறங்கு! எல்லாரும் எறங்கு மொதல்ல! இது கடைசி ஸ்டேஷன். கடைசி ஸ்டேஷன்ல எறங்கணுமா வேணாமா?"

கையில் பெரிய பச்சை நிறப் பை. நாற்பது வயது இருக்கும். அவள் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர், எல்லாரும் செங்கல்பட்டில் ஏறி வழக்கமாக உட்கார்ந்து போகிறவர்கள். சில வாரங்களாக நின்று போகிறவர்கள்.

பேங்க் அக்கா தன் குரலை எடுத்தார். "நாங்க செங்கல்பட்டுலேருந்துதான் சீசன் எடுத்திருக்கோம்."

"சீசன நீ ராமேஸ்வரத்துலருந்து எடு, எனக்கு இன்னா? எங்க வூட்டு வாசல்ல வந்து எங்க சோத்த துன்னுட்டுப் போவியா நீ?"

"மரியாதையா பேசுங்க."

"மரியாதையா உக்கார வுடு, மரியாதையா பேசறேன். நான் தி.நகர்ல துணிக்கடைல நிக்கறவ. ஷட்டர தூக்கினா எறக்கற வரிக்கும் நின்னுகினே கீறேன். இப்ப ஸ்டூலு போட்டுக்கீறாங்க. ஸ்டூலு கீது, அதுல குந்தினா மொறைக்கறானுங்க. நாளெல்லாம் நான் உக்கார்ற எடம் இது ஒன்னுதான். அதயும் வந்து புடிச்சுக்கினா நான் எங்க போறது?"

வண்டி புறப்படுவதற்கான ஊதல் கேட்டது. நான் என் மனதில் கணக்கைத் திருப்பிப் போட முயன்றேன். வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி, காலெல்லாம் வீங்கி ஒருத்தி, ஒரு சீட். இதற்குப் புத்தகத்தில் விடை இருக்கும், எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை.

லேப் அக்கா எழுந்துவிட்டாள். "அக்கா, நீ ஒக்காரு."

நானும் பேங்க் அக்காவும் ஒரே நேரத்தில் அவள் கையைப் பிடித்து இழுத்தோம். அந்த இழுப்பில் புடவை விலக, பச்சைப்பை அக்கா பார்த்துவிட்டாள்.

"ஐயே! எத்தினி மாசம்?"

"அஞ்சு."

"ஒக்காருடி மொதல்ல!"

"இல்ல க்கா, நீ ஒக்காரு. நாளெல்லாம் நிக்கறல்ல."

"ஏய், நான் நின்னா கால்தான் வலிக்கும். ஒக்காருன்றேன்ல!"

"நீ ஒக்காந்தாதான்."

இரண்டு பேரும் நின்றுகொண்டு ஒருத்தியை ஒருத்தி உட்கார வைக்கப் போராடினார்கள். நடுவில் சீட் காலியாக இருந்தது. காதில் இயர்ஃபோன் மாட்டிய ஒரு கல்லூரிப் பெண், இதில் எதையும் கேட்காமல், காலியாக இருக்கிறதே என்று நிதானமாக வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் சிரித்தது பேங்க் அக்கா. அந்த உடம்பு குலுங்கினால் அந்த பெஞ்சே குலுங்கும். பிறகு பச்சைப்பை அக்காவும் சிரித்துவிட்டாள். "பாரு, நாட்டாம பண்ணிக்கினு இருந்தோம், குருவி வந்து குந்திக்கிச்சு." கல்லூரிப் பெண்ணை எழுப்பி, லேப் அக்காவை உட்காரவைத்து, பேங்க் அக்கா தன் சீட்டையும் பச்சைப்பை அக்காவுக்குக் கொடுத்தார். அவள் அதில் பாதி இடத்தை விட்டு உட்கார்ந்தாள், பேங்க் அக்கா எப்படியும் அந்தப் பாதியில் அடங்க மாட்டார் என்று தெரிந்தும்.

பரனூர் தாண்டியதும் விசாரணை ஆரம்பித்தது.

"நீ எங்கருந்து வர்ற?"

"கூடுவாஞ்சேரி."

"கூடுவாஞ்சேரிலருந்து இங்க வந்துட்டு, திரும்பி கூடுவாஞ்சேரி வழியாவே போறியா? வவுத்துப் புள்ளய தூக்கினு? எவ சொன்னா இத?"

இரண்டு விரல்கள் என் பக்கம் நீண்டன. "இவதான். சயின்டிஸ்ட்டு."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் குழந்தை, வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை, லீவு. பச்சைப்பை அக்கா கேட்டுக்கொண்டே வந்தாள். "இவ அவ ஊர்லயே ஏறட்டும். எங்கள்ல யாராச்சும் ஒருத்தி கூடுவாஞ்சேரில எழுந்துக்கறோம். அதுக்கு நீங்க யாரும் இந்தப் பக்கம் வந்து எங்க எடத்துல குந்தக் கூடாது." பேங்க் அக்கா சம்மதித்தார். யார் எழுவது என்பதில்தான் நின்றது. எல்லாரும் நாள் முழுக்க நிற்கிறவர்கள்.

நான் முறை வைத்து அட்டவணை போடலாம் என்றேன்.

"கடைல ஒரு சார்ட்டு, வூட்ல தண்ணிக்கு ஒரு சார்ட்டு, இங்கயுமா? போடி."

அப்போது எறும்பு ஞாபகம் வந்தது. மேஸ்திரி இல்லாமல், யாரும் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லாமல் நடக்கிற மாதிரி ஒரு சின்ன விதி. "சரி, சார்ட் வேணாம். கதவோரத்து சீட் இருக்கில்ல, ஏறினதும் இடது கைப் பக்கம், அதுல அன்னிக்கு யார் உட்கார்ந்திருக்காங்களோ அவங்க கூடுவாஞ்சேரியில எழுந்துக்கணும். அவ்ளோதான்."

"அப்ப அதுல எவளும் குந்த மாட்டா."

"அதான் வேணும்! எல்லாரும் அதைத் தவிர்த்தா கடைசியா ஓடி வர்றவங்களுக்கு அது மிஞ்சும். அவங்க எப்படியும் பீச் வரைக்கும் நிக்க வேண்டியவங்கதானே? கூடுவாஞ்சேரி வரைக்கும் உட்கார்ந்தது அவங்களுக்கு லாபம். யாருக்கும் நஷ்டமில்ல."

பச்சைப்பை அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "படிச்சுதான் கீற" என்றாள். பாராட்டா நக்கலா என்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலை கூடுவாஞ்சேரி நடைமேடையில் நாங்கள் மூவரும் நின்றோம். நாலாவதாக லேப் அக்காவின் வீட்டுக்காரர். முந்தின நாள் நடந்ததை அவள் வீட்டில் சொல்லிவிட்டிருந்தாள், அவளுக்கு மறைக்க வராது. நின்றாயா என்று அவர் கேட்டிருக்கிறார், கொஞ்சம் நின்றேன் என்றிருக்கிறாள். அவர் ஷிஃப்டுக்குப் போகாமல் வந்திருந்தார். உட்கார இடமில்லை என்றால் அப்படியே அழைத்துக்கொண்டு போய்விடுவது, இன்றோடு வேலை முடிந்தது. அவர் இதை எங்களிடம் சொல்லவில்லை. அவளுடைய பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டிருந்த விதத்திலேயே தெரிந்தது.

"நம்பலாமாம்மா அவங்கள?" என்று என்னை மெதுவாகக் கேட்டார்.

என் கணக்கு சரிதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கணக்கில், சீட் கிடைத்தவர்கள் வாக்கைக் காப்பாற்றுவார்கள் என்ற ஒரு வரியை நான் சும்மா போட்டிருந்தேன். கடைசியாக ஓடி வருகிறவளுக்கு இந்த ஒப்பந்தமே தெரியாதே. முடியாது என்றால்? வண்டி வளைவில் தெரிந்தபோது நடைமேடை ஓரத்துக்கே போய் எட்டி எட்டிப் பார்த்தேன். மழையைப் பற்றிக் கவலைப்பட மாட்டேன் என்றவள்.

கதவு எங்கள் முன்னால் வந்து நின்றது. வழக்கம்போலத் தொங்கிக்கொண்டு கூட்டம். அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து குரல் மட்டும் முதலில் வந்தது.

"வழி வுடு, வழி வுடு! புள்ளத்தாச்சி வர்றா, வழி வுடும்மா!"

கதவோரத்து சீட்டில் பச்சைப்பை அக்கா. எல்லாருக்கும் முன்னால் வந்து ஏறுகிறவள், எந்த சீட்டையும் எடுத்திருக்கக்கூடியவள். எழுந்தாள். தன் பையை சீட்டில் வைத்துக் காவல் காத்தாள். லேப் அக்கா உட்கார்ந்ததும்தான் அதை எடுத்தாள். வெளியே லேப் அக்காவின் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக அவள் பையைக் கொடுத்தார். வண்டி நகர்ந்தபோது கூடவே நாலடி நடந்தார். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று அப்புறம்தான் ஞாபகம் வந்ததுபோலத் திரும்பி ஓடினார்.

"ஏன்க்கா நீங்க அதுல உட்கார்ந்தீங்க?" என்றேன். கணக்குப்படி அவள் அங்கே இருக்கவே கூடாது.

"எவளாச்சும் புதுசா வந்து குந்திக்கினு எழுந்துக்க மாட்டேன்னுட்டா? மொத நாளே கெட்டுப்போவும்ல. நாலு நாளு நானே குந்தி எழுந்தா, அந்த சீட்டு அப்படித்தான்னு எல்லாருக்கும் பழகிடும்."

அவள் சொன்னதுபோல முதல் வாரம் அவளே எழுந்தாள். அதன்பின் என் கணக்கு ஓடத் தொடங்கியது. ஓடி வருகிறவர்களுக்கு அந்தக் கதவோரத்து சீட் மிஞ்சியது, அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்கள். ஆனால் சில நாள் நல்ல இடங்கள் காலியாக இருக்கும்போதே யாராவது ஒருத்தி போய் அதில் உட்கார்ந்திருப்பாள். ஏன் என்று கேட்டால், "இன்னிக்கு நான் எழுந்துக்கறேன், நேத்து நல்லா தூங்கிட்டேன்" என்பாள். இதற்கு என் கணக்கில் இடமே இல்லை. அதை எப்படிச் சேர்ப்பது என்று ரொம்ப நாள் யோசித்தேன். ரிவர்ஸ் போவதும் தானாகக் குறைந்தது. போனாலும் இடமில்லை என்றானபின் யார் போவார்கள்? காலை வண்டி மறுபடி காலியாகச் செங்கல்பட்டுக்குப் போனது. எனக்கு அந்த ஏரி மட்டும் நஷ்டம்.

ஏழாம் மாதம் லேப் அக்காவுக்கு வண்டியிலேயே வளைகாப்பு செய்தோம். வண்டலூர் தாண்டியதும் ஆரம்பித்துத் தாம்பரம் கூட்டம் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். கதவோரத்து சீட்டில் அவள். பச்சைப்பை அக்கா செங்கல்பட்டுக் கடைத்தெருவில் கண்ணாடி வளையல் வாங்கி வந்திருந்தாள். ஓடுகிற வண்டியில் வளையல் உடையாமல் போடுவது லேசில்லை. பேங்க் அக்கா புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம் எல்லாம் தனித்தனி டப்பாவில் கொண்டுவந்து, எது எது என்று மறந்துபோனார். சந்தனம் பூசும்போது வண்டி குலுங்கி என் மூக்கில் பூசினார்கள். தாம்பரத்தில் ஏறியவர்கள் என்ன ஏதென்று தெரியாமலே அவள் கன்னத்தில் ஆளுக்குக் கொஞ்சம் சந்தனம் வைத்துவிட்டுத்தான் நின்றார்கள். அன்றைக்குத்தான் அவள் லீவு கடிதத்தைக் கொடுத்தாள். இடம் இருக்கும், வா என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் அவள் ஃபோனில் அதைச் சொல்லும்போது வளையல் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

பெண் குழந்தை. லேப் அக்காவின் அம்மா வீட்டுக்குப் பார்க்கப் போனபோது பச்சைப்பை அக்காவும் வந்தாள், கடையில் லீவு கேட்டு. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்கு பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. பஸ்ஸில் இடம் இருந்தும் பேங்க் அக்கா பழக்கதோஷத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். குப்பத்து மணலில், கரையேற்றி வைத்திருந்த போட் நிழலில் எல்லாரும் உட்கார்ந்தோம். லேப் அக்காவின் அம்மா வறுத்த மீனைக் கொண்டுவந்து வைத்தார். குழந்தை பச்சைப்பை அக்காவின் மடியில் தூங்கியது. அவள் காலை நீட்டிக்கொண்டு, அலையைப் பார்த்தபடி, "எவ்ளோ நேரம் வேணா குந்தலாம் போல கீதே இங்க" என்றாள். அந்தச் சாயங்காலத்தை நான் எதற்கும் உதாரணமாகச் சொன்னதில்லை.

லீவு முடிந்து லேப் அக்கா திரும்ப வேலைக்குப் போனாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவள் அம்மா கூடுவாஞ்சேரிக்கு வந்தார், கொஞ்ச நாளில் எங்கள் தெருவிலேயே மீன் விற்கத் தொடங்கினார். பேங்க் அக்காவுக்கு மாற்றலாகிவிட்டது. எனக்கு வீட்டுவேலை, அதாவது வீட்டிலிருந்து வேலை. செட் கலைந்தது. இப்போதும் நான் படிக்கிறேன், ஆனால் உடனே சொல்ல எதிரில் யாரும் நின்றுகொண்டிருப்பதில்லை.

போன மாதம் அலுவலகத்துக்கு ஒரு நாள் வரச் சொன்னார்கள். பழைய வண்டி. வீட்டிலிருந்து ஓடி வந்ததில் மூச்சு வாங்க, லேப்டாப் பையை முன்பக்கம் மாட்டி மேலே துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, பழைய கதவில் ஏறினேன். இடது கைப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் என்னைப் பார்த்தாள். இருபது வயது இருக்கும், என்றைக்கும் பார்த்திராத முகம். சட்டென்று எழுந்தாள்.

"ஒக்காருங்க க்கா."

"இல்லம்மா, பரவால்ல."

"இல்ல க்கா, இந்த சீட்டு உங்கள மாதிரி இருக்கறவங்களுக்குத்தான். கூடுவாஞ்சேரில குடுத்துடணும்."

என் முன்னால் உப்பியிருந்த பையை நான் அப்போதுதான் பார்த்தேன். "யார் சொன்னா குடுக்கணும்னு?"

"யாரும் சொல்லல க்கா. இந்த சீட்டு அப்படித்தான்."

நான் துப்பட்டாவை விலக்கி லேப்டாப்பைக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். உட்காரு என்று அவளையே உட்காரவைத்துவிட்டு, பழைய கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊரப்பாக்கம் வருவதற்குள் லேப் அக்காவுக்கு ஃபோன் போட்டுவிட்டேன். நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அவள் பொறுக்கவில்லை.

"நீ குந்தினியா இல்லியா, அத மொதல்ல சொல்லு."

"குந்தலக்கா."

"லூசு. ஒரு ஸ்டேஷனாச்சும் குந்திட்டு எழுந்திருக்கலாம்ல, எங்க எல்லாருக்காகவும்."